பதினாலு புள்ளி ரெண்டு

பஸ்ஸுலயா வந்தீங்க? பஸ்ஸே மேலும்மா. நின்னுபோச்சுன்னா எறங்கி அடுத்த பஸ்ஸுல ஏறிக்கிடலாம். மெக்கானிக்குன்னு ஒருத்தன் மூஞ்சில முழிக்க வேண்டாம்லா, அதுவே கர்த்தர் கிருபை.

இங்க உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இன்னைக்கு மொத நாளுல்லா, அதான் கதவையே பாத்துக்கிட்டு நிக்கீங்க. நாலு மணி நேரம் ஆகும்மா. டயாலிசிஸ்னா அப்படித்தான். நர்ஸுப் பிள்ளைக நல்லாப் பாத்துக்கிடுவாளுக. உங்க பேரு என்ன? சுடலைவடிவா? நல்ல பேரு. நான் பிளாரன்ஸ். வள்ளியூர்ல இருந்து வாறோம், செவ்வாயும் வெள்ளியும். ஒண்ணரை வருஷமாச்சு. உள்ள அஞ்சாம் பெட்டுல நரைச்ச மீசையோட படுத்திருக்காகள்லா, அவுகதான் எங்க வீட்டுக்காரக. ஞானசிகாமணி. அதிர்ந்து பேச மாட்டாக.

கார்லதான் கூட்டிட்டு வாறேன். நாந்தான் ஓட்டுதேன். என்ன அப்படிப் பாக்கீங்க? அவுகளுக்குக் கிட்னி போச்சுன்னதும் அம்பத்தொம்பது வயசுல ஓட்டப் படிச்சேன். சொல்லிக் குடுத்தவன் ரெண்டாம் நாளே, "டீச்சர், நீங்க என்னையப் பேசவே விட மாட்டேங்கீங்க"ன்னான். நான் டீச்சர் இல்ல. லேடீஸ் காலேஜ்ல பிசிக்ஸ் லேப் அசிஸ்டெண்டா இருந்தேன். இருபத்தெட்டு வருஷம். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். வோல்ட் மீட்டர், அம்மீட்டர், ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் எல்லாம் என் கையில புழங்குன சாமான். எங்க வீட்ல கரண்டு விஷயம்னா நாந்தான். அவுக கைய வைக்க விடமாட்டேன்.

அப்படிப்பட்ட என்னைப் பாத்து ஒருத்தன் என்ன கேட்டான் தெரியுமா? "யூடியூப் பாத்தீங்களாம்மா?"ன்னு கேட்டான். அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். உங்களுக்கும் நேரம் போகும்.

ஐப்பசி மாசம் ஒரு வெள்ளிக்கிழம காலைல. ஏழு மணிக்கு இங்க பெட்டு. ஆறு மணிக்குச் சாவியத் திருப்புதேன், டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது. இஞ்சின் உருளல. பக்கத்து வீட்டுக்காரரு அவரு வண்டில இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தாரு. அன்னைக்கு எப்படியோ வந்து போயிட்டோம். சாயங்காலம் ஊர்ல ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனேன். அந்த மெக்கானிக்கு வந்தான். வண்டிய ஓட்டிட்டு வந்தது நானு. சாவி என் கையில. நேரா அவுக உக்காந்திருந்த இடது பக்கத்து ஜன்னலுக்குப் போயி, குனிஞ்சு, "என்ன சார் ப்ராப்ளம்?"ங்கான்.

அவுக வாயத் தொறந்தாக. "என்னன்னா தம்பி, ரெண்டு வாரமாவே காத்து..."ன்னு ஆரம்பிச்சாக. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏல, வண்டி ஓட்டுதது நானு. என்னையக் கேளு. அவுக நோயாளி"ன்னேன். அவுகளும் வாய மூடிக்கிட்டாக. அவன் என்கிட்ட வந்தான், ஆனா என் மூஞ்சியப் பாக்கல. பேனட்டப் பாத்துக்கிட்டே, "பேட்டரி போயிருக்கும்மா. மாத்திருவோம்"ன்னான்.

நான் சும்மா விடுவேனா? வீட்ல மல்டிமீட்டர் இருக்கு, என் சொந்த மீட்டர், பையில எடுத்துட்டுத்தான் போயிருந்தேன். உங்களுக்கும் சொல்லுதேன், கேட்டு வச்சுக்கோங்க. வண்டி அணைஞ்சிருக்கும்போது பேட்டரில பன்னெண்டரை வோல்ட் காட்டணும். ஸ்டார்ட் பண்ணுனா பதிமூணேமுக்காலுக்கு மேல ஏறணும். பதினாலரைக்குள்ள நிக்கணும். ஏறுச்சுன்னா ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இஞ்சின் ஓடும்போது கரண்டு உண்டாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துத சாமான் அது. ஏறலன்னா பேட்டரி மேல பழி போடக்கூடாது, அது பாவம், வாங்குனாத்தான குடுக்கும்?

ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மீட்டர வச்சேன். பதினாலு புள்ளி ரெண்டு! அந்தப் பயலக் கூப்பிட்டுக் காட்டுனேன். "பாத்துக்கோ. ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரிய மாத்து"ன்னேன். "அதத்தானம்மா நானும் சொன்னேன்"ங்கான். அவன் சும்மா சொன்னான், நான் அளந்து சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?

புதுப் பேட்டரி போட்டாச்சு. வீட்டுக்கு வரும்போது அவுக மெதுவா, "வண்டி ஆறிக்கெடக்கும்போது அளந்தா அப்படித்தான் காட்டும், பிளாரன்ஸு"ன்னாக. "நீங்க சும்மா வாங்க"ன்னேன். அவுக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தாகம்மா. முப்பத்திரண்டு வருஷம் பேட்டரி ரூம்ல. ரூம் நெறயப் பேட்டரி அடுக்கி வச்சிருப்பாக, அதுல சார்ஜ் ஏறுதா எறங்குதான்னு பாத்து நோட்டுல எழுதணும். அம்புட்டுதான் வேல. அதுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? நான் எத்தன கருவிய மேய்ச்சவ.

ரெண்டு வாரம் வண்டி நல்லா ஓடுச்சு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன், நாந்தான் கண்டுபிடிச்சேன்னு.

அதுக்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழம. இங்க முடிச்சு மத்தியானம் கெளம்புதோம். மழைன்னா மழ, ரோடு தெரியல. ஹெட்லைட்டு போட்டேன், வைப்பர் போட்டேன், கண்ணாடில ஆவி அடிக்குதுன்னு ஏசியும் போட்டேன். ரெட்டியார்பட்டி தாண்டுனதும் அவுக, "பிளாரன்ஸு, காத்து கொறையுது"ன்னாக. டயாலிசிஸ் முடிஞ்ச அன்னைக்கு அவுகளுக்கு அப்படித்தாம்மா, மூச்சு முட்டும், வேர்க்கும். உங்க வீட்டுக்காரருக்கும் இருக்கும், பயந்துறாதீங்க. "கண்ண மூடிப் படுங்க, சரியாயிரும்"னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "வைப்பர் மெதுவாப் போகுது, பாரு"ங்காக. "மழ சாஸ்தி, அதான்"ன்னேன். மீட்டருக்குக் கீழ பேட்டரி படம் போட்ட செகப்பு லைட்டு மினுக்மினுக்குன்னு வந்துச்சு. ஈரத்துக்கு அப்படித்தான் வரும்னு நெனச்சுக்கிட்டேன். அவுக அதையும் கை நீட்டிக் காட்டுனாக. "நான் ஓட்டவா, நீங்க ஓட்டுதீங்களா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். நீட்டுன கைய மடக்கி மடியில வச்சுக்கிட்டாக.

மூன்றடைப்பு வர்றதுக்கு முன்னாடி ஸ்டீரிங் கல்லாப் போச்சு. திரும்பவே மாட்டேங்குது. வைப்பர் பாதிக் கண்ணாடில நின்னுட்டு. இஞ்சின் அணைஞ்சிட்டு. நாலு வழிச் சாலை, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கான். ஓரத்துல ஒதுங்கக்கூட முடியல, முக்கால் வண்டி ரோட்டுக்குள்ளயே நிக்குது.

நான் சாவியத் திருப்பித் திருப்பிப் பாக்கேன். அதுக்குள்ள இவுக கதவைத் தொறந்து எறங்கிட்டாக. மழைக்குள்ள! பின்னால போயி வண்டியத் தள்ளுதாக. கொஞ்சம் முன்னாடிதான் ஊசி எடுத்த கை. அந்தக் கைய வச்சுத் தள்ளுதாக. நான் கத்துதேன், மழைச் சத்தத்துல கேக்கல. வண்டி நகந்து ஓரத்துக்குப் போச்சு. நான் எறங்கி ஓடிப்போய்ப் பாக்கேன், சட்ட முழங்கைக்குக் கீழ பூரா செகப்பு. மழத்தண்ணியோட ரத்தம் கலந்து விரல் வழியா ஓடுது.

உங்களுக்குச் சொல்லியிருப்பாகள்லா? ஊசி போடுத எடத்துல ரத்தம் வந்தா அழுத்திப் புடிக்கணும், விடவே கூடாது. முந்தானையச் சுருட்டி வச்சு அழுத்துனேன். அவுக ரோட்டோரத்துல சேத்துக்குள்ள உக்காந்துட்டாக. ஒதடு வெளுத்துப் போச்சு. ஒரு லாரி டிரைவர் நிறுத்தி எறங்கி வந்தாரு, தார்ப்பாயைப் புடிச்சுக்கிட்டு மழ மேல விழாம நின்னாரு. அந்த மனுசன் பேருகூட நான் கேக்கல. இருபத்தஞ்சு நிமிஷம்மா. எண்ணிக்கிட்டே அழுத்துனேன். ஆயிரத்தி ஐநூறு எண்ணுனதும் தான் நின்னுச்சு. அவருதான் ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டாரு. இங்கதான் திரும்பக் கொண்டுவந்தோம். தையல் போட்டாக. "இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா"ன்னு டாக்டரம்மா சொல்லி நிறுத்திட்டாக.

இப்ப சொல்லுங்க, எனக்குக் கோவம் வருமா வராதா? புதுப் பேட்டரின்னு ஒண்ண மாட்டிவிட்டு என் புருசனக் கொல்லப் பாத்தான் அந்தப் பய. மறுநாள் போன்ல அவன வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "நீங்கதானம்மா அளந்து பாத்து ஆல்டர்னேட்டர் நல்லாருக்குன்னு சொன்னீங்க"ங்கான். எம்மேலயே திருப்புதான்! போனக் கட் பண்ணிட்டேன்.

வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து இங்க பைபாஸ்ல ஒரு பெரிய ஒர்க் ஷாப்புல விட்டிருந்தாக. ரெண்டு நாள் கழிச்சுப் போனேன். "நானும் வாறேன்"ன்னு அவுக பிடிவாதமாக் கெளம்புனாக. தையல் போட்ட கைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு ஆட்டோல வந்தாக. எங்க வண்டிக்குள்ள முன் சீட்லதான் உக்கார வச்சேன், வெயில் படாம.

அந்த ஓனரு நல்ல வெள்ள சட்ட போட்ட ஆளு. நான் போயி நிக்கேன், "உக்காருங்கம்மா, சார்கிட்ட பேசிக்கிடுதேன்"ங்கான். பாத்தீங்களா? இவனும் அப்படித்தான். எல்லா ஆம்பளையும் ஒரு அச்சுல வாத்ததுதான். நான் அவன் முன்னால போயி நின்னு, "புதுப் பேட்டரி ரெண்டே வாரத்துல எறங்கியிருக்கு. சார்ஜ் ஏறல. ஆல்டர்னேட்டரத்தான் பாக்கணும்"ன்னு சொன்னேன். அப்பதான் அந்தக் கேள்வி கேட்டான். "யூடியூப் பாத்தீங்களாம்மா?" சொல்லிட்டுச் சிரிக்கான். பக்கத்துல ஸ்பேனர் புடிச்சவனும் சேர்ந்து சிரிக்கான்.

இருபத்தெட்டு வருஷம்மா. எங்கிட்ட ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் வாங்கிப் படிச்ச பிள்ளைக இன்னைக்கு ஐ.எஸ்.ஆர்.ஓ.ல இருக்கு.

பேட்டரியச் சார்ஜ் போட்டுத் தயாரா வச்சிருந்தான். வண்டிய ஸ்டார்ட் பண்ணுனான். அப்புறம் அந்தப் பாவி என்ன செஞ்சான் தெரியுமா? இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி வயரப் புடுங்கிட்டான்! நான் அலறிட்டேன். "ஏய், போடு, போடு, திரும்பப் போடு! உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, வோல்டேஜ் எகிறுச்சுன்னா கருகிப்போயிரும்!" அவன் நிதானமாச் சிரிச்சுக்கிட்டே, "பாருங்கம்மா, பேட்டரி இல்லாமயே வண்டி ஓடுது. அப்ப ஆல்டர்னேட்டர் நல்லாருக்குன்னு தான அர்த்தம்? காலங்காலமா நாங்க இப்படித்தான் பாக்கோம்"ங்கான். காலங்காலமாக் கழுத தேஞ்சு கட்டெறும்பாத்தான் போயிருக்கு.

வயர மாட்ட வச்சு நான் மீட்டர எடுத்து வச்சேன். பதினாலு புள்ளி ரெண்டு.

ஆமா, அதே பதினாலு புள்ளி ரெண்டுதான். மீட்டர எடுத்துட்டுத் திரும்பவும் வச்சுப் பாத்தேன். அவன் எட்டிப் பாத்துட்டு, "உங்க மீட்டரே சொல்லுதுல்லாம்மா"ங்கான். நான் விடல. என் மீட்டரத் தொட உனக்கு என்ன தகுதி இருக்குன்னு கேட்டேன். அவன் ஏதோ சொன்னான், நான் ஏதோ சொன்னேன். சத்தம் பெரிசாயிட்டு. ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்கான். வண்டிக்குள்ள இருந்து அவுக, "பிளாரன்ஸு... பிளாரன்ஸு..."ன்னு கூப்பிட்டாக. ரெண்டு மூணு தடவ கூப்பிட்டிருப்பாக. "இருங்க, இவன ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாறேன்"ன்னேன்.

அப்பதாம்மா நடந்துச்சு. கதவு படார்னு தொறந்துச்சு. அவுக எறங்கி வந்தாக. நானும் அந்த ஓனரும் பேனட்டுக்கு முன்னால பக்கத்துல பக்கத்துலதான் நின்னோம். எங்களுக்கு நேரா வந்து நின்னு, கண்ணு ரெண்டும் செவந்து, "ஒரு மனுசன் சொல்லுதத ஒரே ஒரு தடவ காது குடுத்துக் கேட்டா கொறஞ்சா போயிரும்!"ன்னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க. ஸ்பேனர் புடிச்சவன் ஸ்பேனரக் கீழ வச்சுட்டான். அந்த வெள்ள சட்டக்காரன் ரெண்டு அடி பின்னால போயிட்டான்.

முப்பத்தோரு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. எனக்காக ஒருத்தன்கிட்ட அவுக கொரல உயத்தினதே கிடையாது. அன்னைக்குத்தான் மொத தடவ. பொண்டாட்டிய ஒருத்தன் எளக்காரமாப் பேசுதானேன்னு தாங்க முடியாம, அந்தக் கையோட எறங்கி வந்து கேட்டாக பாருங்க. சொல்லும்போதே புல்லரிக்குது, இந்தா பாருங்க கைய.

அப்புறம் சன்னமா, யாரையும் பாக்காம சொன்னாக. "ஆறுன வண்டில, சும்மா ஓடும்போது அளந்தா நல்லாத்தான் காட்டும். லோடு குடுங்க. ஏசி, ஹெட்லைட்டு, வைப்பரு, பின் கண்ணாடி ஹீட்டரு, எல்லாத்தையும் போடுங்க. இஞ்சினச் சூடாக விடுங்க. அரை மணி நேரம் கழிச்சு அளங்க. சூட்டுலதான் அது சோந்துபோகுது. ஒரு மாசமா ஏசி காத்து அப்படித்தான் கொறையுது. கெளம்பி இருபது நிமிஷத்துல."

அப்படியே செஞ்சானுக. நாந்தான் மீட்டரப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மொதல்ல பதினாலு. பத்து நிமிஷத்துல பதிமூணரை. அப்புறம் பன்னெண்டு புள்ளி ஒம்பது. பன்னெண்டு புள்ளி மூணு. செகப்பு லைட்டு மினுக்க ஆரம்பிச்சுது. ஏசி காத்து இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பதினொண்ணு புள்ளி எட்டுன்னு காட்டும்போது நான் மீட்டர அந்த ஓனரு மூக்குக்கு நேரா நீட்டுனேன். "இது எந்த யூடியூப்ல வந்துச்சு?"ன்னு கேட்டேன். ஸ்பேனர் புடிச்சவனக் கூப்பிட்டு ஆல்டர்னேட்டரக் கழட்டச் சொன்னான்.

கழட்டிப் பாத்தா உள்ள ரெண்டு கார்பன் துண்டு இருக்கும், பிரஷ்ஷுன்னு சொல்லுவாக. தேஞ்சு நகத்தளவு மிச்சம். சூடாச்சுன்னா ஒட்டுதது இல்ல. அத எடுத்துட்டு அந்த ஓனரு யாருகிட்ட கொண்டுபோய்க் காட்டுதான்? அப்பவும் அவுககிட்டதாம்மா! "சார் சொன்னது கரெக்டு சார்"ங்கான். நான் வெடுக்குன்னு கையில இருந்து புடுங்கிட்டேன். ஆல்டர்னேட்டர்னு வாசல்ல கால் வச்சதும் சொன்னது யாரு? நானு. லோடு விஷயமும் எனக்குத் தெரியாததா? லேப்ல மொத நாள் பிள்ளைககிட்ட நான் சொல்லுததே அதுதான்: சும்மா கெடக்கிறத அளந்து ஏமாறாதீங்க, வேலை குடுத்து அளங்கன்னு. அன்னைக்கு நான் சொல்ல வாயெடுத்தேன், அவுக முந்திக்கிட்டாக. நீ பேசுனா இவனுக கேக்க மாட்டானுக, நான் சொல்லுதேன்னுதான் முந்தியிருப்பாக. அம்புட்டு பாசம்.

புது ஆல்டர்னேட்டர் மாட்டியாச்சு. பெல்ட்டும் புதுசு. வீட்டுக்கு வரும்போது, "என்னங்க, எனக்காக அவ்வளவு கோவப்பட்டீங்களே"ன்னு கேட்டேன். அவுக என் மூஞ்சியக் கொஞ்ச நேரம் பாத்தாக. அப்புறம் ரோட்டப் பாத்தாக. அவுக அப்படித்தான், வாயத் தொறந்து பாசத்தச் சொல்லத் தெரியாது.

ஒங்க வீட்டுக்காரரு எப்படி? நல்லாப் பேசுவாரா? பேச விடாதீங்கம்மா. ஆஸ்பத்திரின்னாலும் ஒர்க் ஷாப்புன்னாலும் நீங்க முன்னால போய் நில்லுங்க. இல்லன்னா நம்மள ஆளா மதிக்க மாட்டானுக. நான் சொல்லுதது அனுபவத்துல சொல்லுதேன்.

இப்ப ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு உறுத்துது. போன செவ்வாய்க்கிழம இங்க வாறதுக்குக் கெளம்பும்போது முன் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கேன். அவுக சுத்திப் போயி பின் கதவைத் தொறந்து ஏறிட்டாக. "ஏன், கால் நீட்டணுமா?"ன்னு கேட்டேன். "பின்னால அமைதியா இருக்கு, பிளாரன்ஸு. முன்னால ஒரே சத்தம்"ன்னாக.

சத்தமா? புதுச் சாமான்ல என்ன சத்தம்? ரேடியோவ அணச்சேன். ஏசிய அணச்சேன். கண்ணாடிய ஏத்திவிட்டு, வாயத் தொறக்காம நாங்குநேரி வரைக்கும் காதத் தீட்டிக்கிட்டு ஓட்டுனேன். ஒரு சத்தமும் இல்லம்மா. கண்ணாடில பாத்தா அவுக நிம்மதியாக் கண்ண மூடி உக்காந்திருக்காக. இன்னைக்கும் பின்னாலதான் ஏறுனாக.

வெளிய வரட்டும். நேரா அந்த ஒர்க் ஷாப்புக்குத்தான் வண்டிய விடப்போறேன். அந்த வெள்ள சட்டக்காரன் என்னத்த மாட்டியிருக்கான்னு இன்னைக்குக் கேக்காம விடமாட்டேன்.